டிக்கெட் புத்தகமா, போஸ்ட்கார்டா, போஸ்டரா: பழைய பொழுதுபோக்குப் பூங்காப் பொருட்களில் எதைச் சேர்ப்பது?

அக்கா மகன் வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, உங்களை மாதிரி நானும் பழைய பார்க் சாமான் சேர்க்கணும், எதுல ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். சின்ன வயதில் என் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி உயிரை எடுத்தவன், அதனால் எனக்கு மகிழ்ச்சி. போனில் ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல நினைத்ததில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நான் எட்டு வருஷம் கலிஃபோர்னியாவில் இருந்தேன். அங்கேதான் இந்த ஆசை பிடித்தது. இப்போது தாம்பரம் பக்கம் குடியிருக்கிறேன், சேர்த்ததெல்லாம் கூடவே வந்துவிட்டது. அங்கே டிராயரில் சும்மா போட்டு வைத்த காகிதம் பத்து வருஷத்துக்கும் அப்படியே இருக்கும். இங்கே ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சை பிடித்துவிடும். அதனால் என் ஒப்பீட்டில் விலை, அரிது, அழகு எல்லாம் இரண்டாம் பட்சம். இந்தப் பொருளை நம் வீட்டில், நம் ஊர்க் காற்றில், பத்து இருபது வருஷம் கெடாமல் வைக்க முடியுமா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. முடியாது என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இத்தனை கைகளைத் தாண்டிப் பிழைத்து வந்த ஒரு பொருள் நம் வீட்டில் அழியக்கூடாது.

அவன் மனதில் முதலில் இருந்தது டிஸ்னிலாண்டின் டிக்கெட் புத்தகங்கள். நல்ல ஆசைதான், எனக்கும் அதுதான் முதல் காதல். 1955 ஜூலையில் அனாஹைமில் பூங்கா திறந்தபோது உள்ளே போக ஒரு டாலர், அதற்குப் பிறகு ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாகக் காசு. சில மாதங்களிலேயே, அந்த அக்டோபரில், ஏ, பி, சி என்று மூன்று வகைச் சீட்டுகளை ஒன்றாகத் தைத்த புத்தகம் வந்தது. மறு வருஷம் டி சேர்ந்தது. 1959இல் மேட்டர்ஹார்ன் என்ற மலைச் சவாரி, மோனோரயில், நீர்மூழ்கிக் கப்பல் மூன்றும் வந்தபோது ஈ சேர்ந்தது. ஏ சீட்டு மெயின் ஸ்ட்ரீட் குதிரை வண்டி மாதிரி சின்ன விஷயங்களுக்கு, ஈ சீட்டு பெரிய சவாரிகளுக்கு. 1982இல் இந்த முறையையே எடுத்துவிட்டார்கள், ஆனால் 'ஈ டிக்கெட்' என்ற சொல் அமெரிக்கர்கள் வாயில் தங்கிவிட்டது. 1983இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, ராக்கெட்டில் ஏறிய அனுபவத்தை இந்தச் சொல்லால்தான் சொன்னார்.

இந்தப் புத்தகங்களில் எனக்குப் பிடித்தது, அவற்றை வைத்தே காலத்தைக் கண்டுபிடிக்கலாம். சீட்டில் எந்தெந்தச் சவாரிக்குச் செல்லும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபிளையிங் சாசர்ஸ் பெயர் இருந்தால் அது 1961க்கும் 1966க்கும் இடைப்பட்டது. கடற்கொள்ளையர் சவாரி இருந்தால் 1967 அல்லது அதற்குப் பின். ஹான்டட் மேன்ஷன் இருந்தால் 1969க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. விற்பவர் '1950களின் சீட்டு' என்று போட்டுவிட்டு ஹான்டட் மேன்ஷன் பெயரோடு படம் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் 1971இல் திறந்த ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவிலும் இதே மாதிரிப் புத்தகங்கள் உண்டு, அதனால் எந்த ஊர்ப் பூங்கா என்பதையும் படித்துப் பாருங்கள். மக்கள் ஈ சீட்டுகளைத் தீர்த்துவிட்டு, மிஞ்சிய ஏ, பி சீட்டுகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் தனி ஏ, பி சீட்டுகள் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கும், ஒரு சீட்டுகூடக் கிழிக்காத முழுப் புத்தகத்துக்கோ விலை எகிறும். ஆரம்பிப்பவர் ஏ முதல் ஈ வரை ஒவ்வொன்றிலும் ஒரு தனிச் சீட்டு வாங்கினால் போதும், கதை முழுதாகக் கைக்கு வந்துவிடும்.

வைத்துக் காப்பதில் ஒரே சிக்கல், புத்தகத்தின் ஸ்டேப்பிள் கம்பி. நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும், துரு காகிதத்தில் இறங்கும். கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றும், வேண்டாம், அது புத்தகத்தின் ஒரு பகுதி. அமிலமில்லாத மெல்லிய டிஷ்யூத் தாளைக் கம்பிக்கும் காகிதத்துக்கும் இடையே செருகி, ஈரம் புகாத பெட்டியில் வைத்தால் தாங்கும்.

அடுத்தது போஸ்ட்கார்டு. என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. கையடக்கமானது, தட்டையானது, கெட்டி அட்டை, கூரியரில் நசுங்காது, ஆயிரம் சேர்த்தாலும் ஒரு ஷூ பெட்டி அளவுதான் ஆகும். இன்னொன்று, இடிந்துபோன பூங்காக்களுக்குள் நம்மை அழைத்துப் போக இதைவிட மலிவான வழியும் கிடையாது.

நியூயார்க்கின் கோனி ஐலண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் ஸ்டீபிள்சேஸ், 1903இல் லூனா பார்க், 1904இல் ட்ரீம்லாண்ட் என்று மூன்று பெரிய பூங்காக்கள் அடுத்தடுத்து வந்தன. அதே வருஷங்களில்தான் படப் போஸ்ட்கார்டு மோகம் உச்சத்தில் இருந்தது. கடற்கரைக்கு வந்தவர்கள் வாங்கி வாங்கி அனுப்பினார்கள், அதனால்தான் இன்றும் இவ்வளவு கிடைக்கிறது. 1911 மே மாதத்தில், சீசன் தொடங்கும் நேரத்தில், ஹெல் கேட் என்ற சவாரியில் ராத்திரி பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து ட்ரீம்லாண்ட் மொத்தமும் எரிந்துபோனது, மறுபடி கட்டவே இல்லை. வெறும் ஏழு வருஷம் இருந்த ஒரு இடம். வெள்ளைக் கோபுரம், விளக்கு அலங்காரம், படகுச் சறுக்கு எல்லாம் அட்டைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்டீபிள்சேஸும் 1907இல் எரிந்தது. அதன் முதலாளி ஜார்ஜ் டில்யூ, எரிந்த இடத்தைப் பார்க்க வந்தவர்களிடமும் பத்து சென்ட் வாங்கினார். பிறகு திரும்பக் கட்டினார், அது 1964 வரை நடந்தது. லூனா பார்க் 1944 தீயோடு முடிந்தது.

காலம் கணிப்பது போஸ்ட்கார்டில் இன்னும் சுலபம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கோடு இல்லாமல் முழுதும் முகவரிக்கே விட்டிருந்தால், அமெரிக்க அட்டையாக இருக்கும் பட்சத்தில் அது பெரும்பாலும் 1907 மார்ச்சுக்கு முந்தியது, அதுவரை பின்பக்கத்தில் செய்தி எழுத அனுமதி இல்லை. அதனால்தான் படத்தின் ஓரத்திலேயே நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இருந்தால் ஏறக்குறைய 1915 முதல் 1930 வரை. துணி மாதிரி சொரசொரப்பும் அடிக்கிற வண்ணமும் இருந்தால் அது 'லினன்' வகை, 1930களும் 40களும். வழவழப்பான கலர் புகைப்பட அட்டைகள் அதற்குப் பிறகு பரவியவை. லினன் அட்டைகளில் பெயர் பெற்ற சிகாகோ கர்ட் டைக் கம்பெனி ஒவ்வொரு அட்டையிலும் ஒரு எண் போட்டது, அதை வைத்தே வருஷத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. லினன் அட்டை சில டாலருக்கே கிடைக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஜன்னல்களும் விளக்குகளும் எரிவதுபோல் தெரியும் வெட்டு அட்டைகள் ஒரு வகை உண்டு. அவை விலை கூட, ஆனால் இரவு நேர லூனா பார்க்கை அப்படி ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

சரி, போஸ்டர். டிஸ்னிலாண்டின் பழைய சவாரிப் போஸ்டர்கள் 36க்கு 54 அங்குலம், அதாவது மூன்றடிக்கு நாலரை அடி, பட்டுத்திரை அச்சில் ஒவ்வொரு நிறமாக மையைப் பரப்பி அச்சிட்டவை. முதல் வருஷங்களில் வந்த பலவற்றை வரைந்தவர் பியோர்ன் ஆரன்சன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணை இழுக்கும். ஆனால் சென்னை மாதிரி ஊரில் வீட்டில் வைப்பதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மை தடிமனாகக் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், மடித்தால் வெடிக்கும், உரசினால் கீறும். சுருட்டி வைத்தால் நம் ஈரத்தில் அலை அலையாக நெளியும். விரித்து வைக்க அந்த அளவு டிராயர் யார் வீட்டில் இருக்கிறது? சுவரில் மாட்டினால் வெளிச்சம் நிறத்தைத் தின்னும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளுப்பது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. போதாததற்கு மறுபதிப்புகள் ஏராளம். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது நிறம் தட்டையாக, புள்ளியே இல்லாமல் இருந்தால் பட்டுத்திரை அச்சு என்று நம்பலாம். சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் பின்னாள் அச்சு. போஸ்டர்தான் பிடிக்கும் என்றால் நல்ல மறுபதிப்பு ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டி மனதாரப் பாருங்கள், அதில் தப்பே இல்லை.

ஃபிரேம் விஷயத்தில் ஒரு கசப்பு எனக்கு உண்டு. டிஸ்னிலாண்டுக்குச் சாம் மெக்கிம் வரைந்த சுவர் வரைபடம் 1958 முதல் விற்பனைக்கு வந்தது. 60களில் வந்த பதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. ஊர் திரும்பிய வருஷம் ஒரு கடையில் ஃபிரேம் போடக் கொடுத்தேன். திரும்ப வாங்கும்போது பளபளவென்று இருந்தது, ஏனென்றால் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பலகையின் அமிலம் இரண்டு வருஷத்தில் ஓரங்களைப் பழுப்பாக்கிவிட்டது, பிரிக்கவும் முடியவில்லை. ஃபிரேம் போடுவதென்றால் அமிலமில்லாத அட்டை வேண்டும், மூலைகளில் தாளைச் செருகும் முக்கோணப் பிடிகள் வேண்டும், பசை ஒரு சொட்டுகூடக் கூடாது, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இதை எழுதிக் கொடுத்து, கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

லேமினேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்க் ஷீட்டிலிருந்து எல்லாவற்றையும் லேமினேட் செய்வது நம் ஊர்ப் பழக்கம், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் சூட்டில் உருகிக் காகிதத்தோடு கலந்த பசையைத் திரும்ப எடுக்கவே முடியாது. லேமினேட் செய்த டிக்கெட்டைச் சேகரிப்பவர் யாரும் கையில் வாங்க மாட்டார். செல்லோ டேப்பும் அப்படித்தான், கொஞ்ச காலத்தில் டேப் உதிர்ந்து மஞ்சள் கறை மட்டும் நிற்கும்.

வியூ மாஸ்டர் என்பது கண்ணில் வைத்துப் படம் பார்க்கும் சின்னக் கருவி, அதன் வட்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அவை மிகவும் பிடிக்கும். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது, ஒரு வட்டில் ஏழு முப்பரிமாணக் காட்சி, மூன்று வட்டு சேர்ந்தது ஒரு உறை. பழைய வட்டுகள் கோடக்ரோம் ஃபிலிமில் அச்சிட்டவை, இருட்டில் வைத்தால் நிறம் ஆச்சரியப்படும் அளவுக்கு நிற்கும். 1950களின் டிஸ்னிலாண்டை இன்று எடுத்த மாதிரி பார்க்கலாம். 1970களின் பிற்பகுதியில் வேறு ஃபிலிமுக்கு மாறினார்கள், அந்த வட்டுகள் சிவந்துபோகும். அதனால் பழையதையே வாங்குங்கள், வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த புகைப்படம் ஒன்றைக் கேளுங்கள். நம் ஊரில் ஃபிலிமில் பூஞ்சை வலை பின்னும், அது ஒன்றுதான் பயம்.

சட்டையில் குத்திக்கொள்ளும் பூங்காப் பின்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எனாமல் பின் உலோகம் என்பதால் காகிதத்தைவிடத் தாங்கும், ஆனால் 1999, 2000 வாக்கில் பூங்காக்களிலேயே பின் மாற்றிக்கொள்வது பெரிதாகக் கிளம்பிய பிறகு வந்தவற்றில் போலி அதிகம். மொத்தமாக ஐம்பது பின் குறைந்த விலைக்கு என்று வந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

கடைசியாகப் பெரிய சாமான்கள், அதாவது சவாரி வண்டி, பெயர்ப்பலகை, குடை ராட்டினக் குதிரை. 2018இல் ரிச்சர்ட் கிராஃப்ட் என்பவரின் டிஸ்னிலாண்ட் சேகரிப்பு கலிஃபோர்னியாவில் ஏலம் போனபோது ஒரு டம்போ யானை வண்டி மட்டும் 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதற்கு முந்தின வருஷம், பூங்கா கட்டப் பணம் திரட்டுவதற்காக 1953இல் ஹெர்ப் ரைமன் வரைந்த முதல் வரைபடம் 7,08,000 டாலர். அந்த உலகம் வேறு. நமக்கு வேண்டுமானால் குதிரை எட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அமெரிக்க மர ராட்டினக் குதிரைகள் டென்ட்ஸல், இல்லியன்ஸ், லூஃப் போன்ற பட்டறைகளில் கையால் செதுக்கியவை. ராட்டினம் அங்கே கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், ஆகவே வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவது குதிரையின் வலப்பக்கம், அந்தப் பக்கத்தில்தான் நகையும் பூவும் பிடரி மயிரின் சுருளும் செதுக்கியிருப்பார்கள், உள்பக்கம் எளிமையாக விட்டிருப்பார்கள். தனிக் குதிரைக்கு விலை ஏற ஏற, முழு ராட்டினங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக ஏலம் விட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த ராட்டினங்கள் இப்படி எத்தனையோ காணாமல் போயின. இதைத் தடுக்க வேண்டும் என்று 1973இல் ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார்கள். எனக்குக் கையில் பணம் இருந்தாலும் தனிக் குதிரை வாங்க மாட்டேன். மரம், பழைய பெயின்ட், நம் ஊர்க் கரையான் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் காரணங்கள்.

ஆக எங்கள் பேச்சு போஸ்ட்கார்டில் வந்து நின்றது, பக்கத்தில் சில டிஸ்னிலாண்ட் சீட்டுகள், முடிந்தால் இரண்டு மூன்று வியூ மாஸ்டர் உறைகள். இனி எதில் வைப்பது என்ற தேர்வு. கடையில் கிடைக்கும் பளபள ஆல்பங்களில் பெரும்பாலானவை பிவிசி. மூடியைத் திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பிவிசிதான், அதில் கலந்த எண்ணெய்ப் பொருள் கசிந்து அட்டையில் ஒட்டும், மையை உரித்தெடுக்கும். பசைக்கோடு போட்ட பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே தாளை மூடும் கல்யாண ஆல்பம் அதைவிட மோசம். வாங்க வேண்டியது பாலியெஸ்டர் ஸ்லீவ், அதாவது அட்டையைச் செருகி வைக்கும் கண்ணாடி மாதிரி உறை, மைலார் என்று கேட்டால் தெரியும். அது கட்டுப்படியாகாவிட்டால் பாலிப்ரொப்பிலீன், பாதி விலைக்குள் வந்துவிடும், போஸ்ட்கார்டுக்கு அதுவே தாராளம். எனக்கு விலை உயர்ந்த சில சீட்டுகளுக்கு மட்டும் பாலியெஸ்டர், மற்றதெல்லாம் பாலிப்ரொப்பிலீன்.

ஸ்லீவ் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். 35 முதல் 50க்குள் இருந்தால் நிம்மதி. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள், அட்டை பிறகு. ராத்திரி மட்டும் ஏசி போடும் படுக்கையறையில் வைப்பது பத்திரம் என்று நானும் நம்பியிருந்தேன். அங்கே ஈரப்பதம் தினமும் ஏறி இறங்குகிறது, காகிதம் விரிந்து சுருங்குகிறது, அது நல்லதில்லை. மாடிக்குக் கீழே இருக்கும் பரண் சூட்டில் வேகும். வீட்டின் நடுவில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டுதான் சரியான இடம். மூடி இறுக்கமாக உட்காரும் டப்பா, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் வகை, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே அந்த மானி. ஜெல்லின் நீல நிறம் மாறி இளஞ்சிவப்பானால் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம். காற்று காய்ந்த நாளில் எல்லாவற்றையும் மூடி வையுங்கள், மழை நாளில் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், வாடையும் போகாது. வசம்பு, வேப்பிலை வைப்பது ஓலைச்சுவடி காலத்திலிருந்து வரும் நல்ல பழக்கம், ஆனால் இலை அட்டையைத் தொட்டால் கறை இறங்கும், பீரோ மூலையில் தனித் துணியில் முடிந்து வையுங்கள். பூச்சி அரித்த அட்டை கைக்கு வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு பை முழுக்க அறைச் சூட்டுக்கு வரும் வரை பிரிக்காமல் விடுங்கள். அவசரப்பட்டால் தண்ணீர் கோத்துவிடும்.

வாங்கிய அன்றே 600 டிபிஐயில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினோம் என்று எழுதி வைப்பதும் என் வழக்கம். அட்டையில் எழுதுவதென்றால் மென்மையான பென்சில், அதுவும் பின்பக்க ஓரத்தில். பேனா கூடாது. பிற்காலத்தில் இதையெல்லாம் யாரிடமாவது ஒப்படைக்க நேர்ந்தால் இந்தக் குறிப்புதான் முதலில் கேட்பார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம், டெக்சஸ் பிளெயின்வியூவில் ரோலர் கோஸ்டர் அருங்காட்சியகம் என்று இதற்கென்றே இடங்கள் உண்டு. எழுதிக் கேட்காமல் எதையும் அனுப்பிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒன்று கேட்டான், நம் ஊர்ப் பூங்காச் சீட்டுகளைச் சேர்க்கலாமா என்று. கட்டாயம் சேர்க்கலாம், அதுவும் உடனே. டில்லியில் 1984இல் திறந்த அப்பு கர் 2008இல் மூடிவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் 1995இல் கிஷ்கிந்தா வந்தபோது பள்ளிச் சுற்றுலா போனவர்கள் எத்தனை பேர், அந்தச் சீட்டு யார் வீட்டிலாவது இருக்கிறதா? பழைய அச்சுச் சீட்டு பரவாயில்லை, பத்திரமாக வைத்தால் நிற்கும். இப்போது தரும் சீட்டுகளில் பல தெர்மல் தாள், பஸ் டிக்கெட் மாதிரி தானாக வெளுத்துப்போகும், பிவிசி உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம். அதை அன்றைக்கே ஸ்கேன் செய்தால்தான் உண்டு.

போன வாரம் அவன் முதல் அட்டையை வாங்கிவிட்டான். ட்ரீம்லாண்ட் கோபுரம், பின்பக்கத்தில் கோடு இல்லை, படத்தின் ஓரத்தில் பென்சிலில் யாரோ எழுதிய இரண்டு வரி. படிக்க முடியவில்லை என்று படம் எடுத்து அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியோடு வரச் சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்து படிக்க வேண்டும்.